அம்மாவின் தோசைக்கல், அக்காவின் கெட்டில்: எது தாக்குப்பிடித்தது?

சிங்கப்பூரில் புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குச் சாவி வாங்கிய வாரம், அம்மா தன் அடுக்களையைப் பாதி காலி செய்து எனக்குக் கொடுத்துவிட்டார். வார்ப்பிரும்புத் தோசைக்கல், அடுப்பில் வைக்கும் விசில் கெட்டில், ஈயம் பூசிய பித்தளைப் பானை. அக்கா தன் பங்குக்கு மின்சாரக் கெட்டிலும் நான்ஸ்டிக் தவாவும் தந்தாள். ஆறு ஆண்டுகள் இவற்றோடு புழங்கிய பிறகு எழுதுகிறேன்.

இரண்டு கெட்டில்களுமே எவர்சில்வர்தான். அதில் கலந்திருக்கும் குரோமியம் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்குகிறது. கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டதும் அந்தப் படலம் தானே மூடிக்கொள்ளும். அதனால் பாத்திரம் கெடுவதில்லை, அதோடு சேர்ந்த உறுப்புகளே கெடுகின்றன. அம்மாவின் கெட்டிலில் கைப்பிடி உறை வெந்து பிளந்தது. இரண்டு திருகாணிகளைக் கழற்றி மரப்பிடி போட்டோம், முடிந்தது.

மின்சாரக் கெட்டிலின் உயிர் அதன் சுவிட்சில் இருக்கிறது. தண்ணீர் கொதித்ததும் ஆவி ஒரு சிறு துளை வழியாகப் போய், இரண்டு உலோகங்களை ஒட்டிய மெல்லிய தகட்டைச் சூடாக்கும். தகடு வளைந்து சுவிட்சைத் தள்ளிவிடும். 230 வோல்ட்டில் 2,200 வாட் இழுக்கும் கெட்டிலில் ஏறத்தாழ 10 ஆம்பியர் மின்சாரம் ஓடுகிறது. இணைப்பு சற்றுத் தளர்ந்தாலே அந்த இடம் கருகும். அக்கா தந்ததைத் தூக்கிப் பார்த்தபோது, அது உட்காரும் தட்டின் நடுவில் பழுப்பாக ஒரு வளையம், ஓரத்தில் பிளாஸ்டிக் இளகியிருந்தது. வேலை செய்கிறதே என்று விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. கைமாறி வரும் மின்சாரக் கெட்டிலில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

ஆனாலும் மறதி வந்துவிட்ட பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு மின்சாரக் கெட்டிலையே சொல்வேன், அதுவும் புதிதாக. அடுப்புக் கெட்டிலில் விசில் மூடியைப் போட மறந்தால் தண்ணீர் வற்றும்வரை ஒன்றும் தெரியாது.

நான்ஸ்டிக் தவாவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அதன் பூச்சு 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிதையத் தொடங்குகிறது. வெறும் தவாவைப் பெரிய தீயில் வைத்துவிட்டு மாவு எடுக்கப் போனால் அந்தச் சூடு சீக்கிரம் வந்துவிடும். பூச்சு உரிந்தால் வீட்டில் திரும்பப் பூச வழியில்லை. உரிந்த தவாவைத் தயவுசெய்து யாருக்கும் கொடுக்காதீர்கள்.

தோசைக்கல்லின் கதை வேறு. நம் ஊரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். ஒருமுறை இரண்டு வாரம் பயணம் போய்த் திரும்பினால், கல் முழுக்கச் செங்கல் நிறத்தில் துரு. அழுகையே வந்துவிட்டது. அம்மா பதறவில்லை. கல்லுப்பைக் கொட்டித் தேங்காய் நாரால் தேய்த்தார், கழுவிச் சூடேற்றினார், பாதி வெங்காயத்தை நல்லெண்ணெயில் தோய்த்து வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தார். சூட்டில் எண்ணெய் இறுகிப் படலமாகப் படிந்து, சாம்பல் நிறம் மெல்லக் கறுப்பானது. முதல் இரண்டு தோசைகள் பிய்ந்தன, மூன்றாவது முழுசாகக் கழன்று வந்தது. அடி தட்டையாக இருப்பதால் இன்டக்‌ஷன் அடுப்பிலும் அது சூடாகிறது. ஒரே பயம், கீழே போட்டாலோ சூட்டோடு தண்ணீர் ஊற்றினாலோ விரிசல் விடும். அதற்கு மருந்து கிடையாது.

பித்தளைப் பானை இன்டக்‌ஷனுக்கு ஆகாது. ‘ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை’ என்பார்கள், ஆனால் ஈயப்பூச்சு போய்விட்டால் பித்தளையில் புளியோ தயிரோ வைக்க முடியாது, களிம்பு ஏறிவிடும். பூசுவது வெள்ளீயமாக இருக்க வேண்டும், காரீயம் நஞ்சு. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகுவதால் வெறும் பானையை அடுப்பில் ஏற்றவே கூடாது. கரண்டியும் மரத்தில்தான்.

இந்தத் தைப்பொங்கலுக்குப் பிறகு கழுவும்போது, பானையின் அடியில் காசளவு மஞ்சள் தெரிந்தது. ஈயம் பூசுபவர் அம்மாவின் ஊரில் இருக்கிறார். டிசம்பரில் அங்கே போகும்போது எடுத்துப் போவதாக அம்மா சொல்லியிருக்கிறார். அதுவரை அதில் அரிசி போட்டு வைத்திருக்கிறேன்.