நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தது: பல வருடம் கழித்து ஒரு கணக்கு

ரிசல்ட் வந்ததும் தெரிந்தவர்கள் போன் செய்து கேட்பார்கள்: "எம்.பி.பி.எஸ். கிடைக்கலை சார், கால்நடை மருத்துவம், பி.வி.எஸ்சி. சேர்த்துவிடலாமா?" பிள்ளைக்குச் சாணி வாசனை ஒத்துவருமா என்றுதான் முதலில் கேட்பேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

படிப்பு ஐந்தரை வருடம். கடைசி ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். மாநில இடங்களுக்கு பிளஸ் டூ கட்-ஆஃப் போதும். 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டுக்குத்தான் நீட். நாமக்கல் கல்லூரி 1985இல் தொடங்கியது. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானபோது அதன்கீழ் வந்தது.

முதல் வருடம் அனாடமி, அதாவது உடற்கூறு, ஆட்டி வைக்கும். மாட்டை முழுசாகப் படித்துவிட்டு, குதிரை, பன்றி, நாய், கோழி எங்கெங்கே மாறுகின்றன என்று சொல்ல வேண்டும். மாட்டுக்கு விலா எலும்பு 13 ஜோடி, குதிரைக்கு 18. குதிரைக்குப் பித்தப்பையே கிடையாது. மனித மருத்துவம் படிப்பவர்களுக்கு ஒரே உடம்பு, கொடுத்து வைத்தவர்கள்! மருந்தும் அப்படித்தான். நாம் சாதாரணமாக விழுங்கும் பாராசிட்டமால் பூனையின் உயிரை எடுத்துவிடும்.

நாமக்கல்லில் படித்ததன் உண்மையான லாபம் கோழி. சுற்றிலும் முட்டைக்கோழிப் பண்ணைகள். செத்த கோழிகளைச் சாக்கில் போட்டு எடுத்து வருவார்கள். அறுத்து, குடல், ஈரல், மூச்சுக்குழாய் எல்லாம் பார்த்துச் சொல்ல வேண்டும். பண்ணைக்காரர் பதிலுக்காகப் பக்கத்திலேயே நிற்பார். அந்தக் கோழி போனது போனதுதான், ஷெட்டில் இருக்கும் மிச்சக் கோழிகளுக்காகத்தான் இவ்வளவும். ஒற்றை உயிருக்கு வைத்தியம் பார்க்கும் ஆசையோடு வந்தவர்களுக்கு இந்தக் கணக்கு பிடிபடக் கொஞ்ச நாள் ஆகும்.

நாய், பூனை கிளினிக் வைக்கவேண்டும் என்றே சேர்பவர்களும் உண்டு. அவர்களுக்குச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிதான் பொருத்தம். அங்கே வரும் நாய் கேஸ்களின் எண்ணிக்கையே வேறு. பெரிய மாடு, ஆடு, கோழி என்றால் நாமக்கல்.

வேலைக்கு வந்தபின் எது கைகொடுத்தது? தூக்கம் வரவழைத்த தீவனப் பாடம்தான். "மாடு தீனி எடுக்கலை, அசை போடலை" என்று கூப்பிடுவார்கள். "வீட்டில் ஏதாவது விசேஷமா?" என்று கேட்டால் விஷயம் வெளியே வரும்: பந்தியில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு வைத்திருப்பார்கள். வயிறு முழுக்க அமிலம் ஏறிக் கிடக்கும். ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதற்கு முன்பே பாதி நோய் தெரிந்துவிடும்.

இந்தத் தொழிலின் சந்தோஷம் எது என்றால், பால் காய்ச்சல். கன்று போட்ட கறவை மாடு, ரத்தத்தில் கால்சியம் குறைந்து, காது சில்லிட்டு, கழுத்தை விலாப் பக்கம் திருப்பி, எழ முடியாமல் படுத்திருக்கும். கால்சியத்தை ரத்தக் குழாயில் மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் இதயம் நின்றுவிடும் என்பதால் ஒரு காது நெஞ்சுத் துடிப்பிலேயே இருக்கும். பாட்டில் காலியாகும் நேரத்தில் மாடு ஏப்பம் விடும், சாணி போடும், அப்புறம் எழுந்து நிற்கும். வீட்டுக்காரம்மா கையெடுத்துக் கும்பிடுவார், பீஸ் மட்டும் பால் பணம் வந்ததும்!

அரசு வேலை, அதாவது கால்நடை உதவி மருத்துவர் பணி, டி.என்.பி.எஸ்.சி. வழியாக. அறிவிப்பு வருடா வருடம் வராது. காத்திருக்கும் காலத்தில் பால் நிறுவனம், குஞ்சு பொரிப்பகம், தீவன ஆலை என்று போகலாம். நாமக்கல் வட்டாரத்தில் கோழித் துறை வேலைக்குப் பஞ்சமில்லை. படிப்பில் சேர்ந்ததும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். தாராளமாக. பிரசவத்தில் மாட்டின் வயிற்றில் திரும்பிக் கிடக்கும் கன்றை எடுக்க முரட்டு பலம் வேண்டாம். கயிற்றை எங்கே மாட்டுவது, கன்றை எப்போது உள்ளே தள்ளித் திருப்புவது என்று தெரிந்தால் போதும். இழுப்பதற்கு ஊரே நிற்கும்.