பத்துக்குப் பத்து ரூமுக்கு முதல் எச்.டி. டிவி: 32 இன்ச்சா, 43 இன்ச்சா?

2006-ல் தொடங்கிய அரசு இலவசத் திட்டத்தில் வந்த 14 இன்ச் கலர் டிவி, அல்லது அதற்குப் பிறகு வாங்கிய 21 இன்ச் குண்டு டிவி. இதுவரை வீட்டில் இருந்தது இதுதான் என்றால், பெரம்பூரிலோ வண்ணாரப்பேட்டையிலோ கடைக்குள் நுழைந்ததும் எல்லா டிவியும் ஒரே மாதிரி பளபளப்பாகத்தான் தெரியும். கடையில் ஓடுவது டிவி கம்பெனியே கொடுத்த டெமோ வீடியோ. வீட்டில் ஓடப்போவது கேபிள் பாக்ஸ். அதனால் பாக்ஸையும் ஒயரையும் சுவரையும் சேர்த்தே இந்த விமர்சனம்.

முதலில் அளவு. நம்ம வட சென்னைப் பக்கத்து வீடுகளில் ஹால் பெரும்பாலும் பத்துக்குப் பத்து. எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே சுமார் எட்டு அடி. 32 இன்ச்சில் கிடைப்பது பெரும்பாலும் எச்.டி. ரெடி, அதாவது 1366×768 (அகலவாக்கில் 1366 புள்ளி, உயரவாக்கில் 768). ஆறு அடிக்கு அப்பால் உட்கார்ந்தால் அதில் புள்ளி தனித்தனியாகத் தெரியாது. 43 இன்ச் ஃபுல் எச்.டி., 1920×1080-க்கும் கிட்டத்தட்ட அதே தூரம்தான், ஐந்தரை அடி. எட்டு அடியில் இரண்டுமே கூர்மையாகத்தான் இருக்கும். வித்தியாசம் எழுத்தில் வரும். செய்தி சேனலின் அடியில் ஓடும் வரியைப் பாருங்கள். 32 இன்ச்சில் மெய்யெழுத்தின் புள்ளி எங்கே, கொம்பு எங்கே என்று வயதானவர்கள் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். 43 இன்ச்சில் 'ஞ'வின் சுழிகூடத் தனியாகத் தெரியும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், 43 எடுங்கள்.

4கே, அதாவது ஃபுல் எச்.டி.யைப் போல நான்கு மடங்கு புள்ளி உள்ள திரை? 43 இன்ச்சில் 4கே புள்ளிகள் கண்ணுக்குத் தெரிய மூன்று அடிக்குள் போக வேண்டும். எட்டு அடியில் புள்ளிக்காகக் காசு கொடுப்பது வீண். ஆனால் விலை வித்தியாசம் குறைவாக இருந்தால் 4கே மாடலை எடுப்பதில் வேறொரு லாபம் உண்டு: பல பிராண்டுகளில் 2 ஜி.பி. ரேம் (ஆப்கள் ஓடத் தேவையான நினைவகம்) அதில்தான் வருகிறது. 1 ஜி.பி. ரேம் உள்ள ஸ்மார்ட் டிவி வாங்கிய புதிதில் நன்றாக ஓடும். ஆப்கள் அப்டேட் ஆக ஆகத் திணறும், ரிமோட்டை அழுத்தினால் மூன்று எண்ணிய பிறகுதான் நகரும். இதைக் கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார், கேட்டு வாங்குங்கள்.

வரியைக் காரணம் காட்டி "பெருசுக்கு டேக்ஸ் ஜாஸ்தி" என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான், முன்பு 28.

பேனலை, அதாவது படம் தெரியும் திரைப் பலகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐ.பி.எஸ். வகையில் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, ஆனால் இருட்டுக் காட்சியில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். வி.ஏ. வகையில் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். ஆனால் ஓரத்திலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் வெளுக்கும். ஹாலில் கதவோரம் ரெண்டு பேர், தரையில் நாலு பேர் என்று உட்காரும் வீட்டுக்கு ஐ.பி.எஸ். நல்லது. கடையில் டிவிக்கு நேரே நிற்காமல் ஒரு ஓரமாகப் போய், குனிந்தும் பாருங்கள். பத்து நொடியில் விஷயம் தெரிந்துவிடும்.

இப்போது பாக்ஸ். புது டிவி வாங்கிவிட்டுப் பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரையே செருகி வைத்திருக்கும் வீடுகளுக்காக இந்தப் பகுதி. அந்த ஒயரில் வருவது 720×576, மொத்தம் நாலு லட்சத்துச் சொச்சம் புள்ளி. ஃபுல் எச்.டி. திரையில் இருபது லட்சத்துக்கு மேல். மீதியை டிவி தானாக இட்டு நிரப்பும், முகமெல்லாம் மெழுகு பூசியது போல ஆகும். "பழைய டிவியே நல்லா இருந்துச்சு" என்ற புலம்பல் இங்கிருந்துதான் வருகிறது. அரசு கேபிளோ தனியார் கேபிளோ டி.டி.எச்.சோ, எச்.டி. பாக்ஸ் கேட்டு வாங்குங்கள். அதிலும் பணம் கட்டிய எச்.டி. சேனல்தான் எச்.டி.யாக வரும். சன், கே டிவி, விஜய், ஜீ தமிழ் ஆகியவற்றுக்கு எச்.டி. உண்டு. நிறையச் செய்தி சேனல்கள் எஸ்.டி.யில், அதாவது பழைய குறைந்த புள்ளித் தரத்தில்தான் வருகின்றன, அதற்கு எந்த டிவியாலும் ஒன்றும் செய்ய முடியாது. பேக்கில் ஒரே சேனலின் எஸ்.டி.யும் எச்.டி.யும் சேர்ந்திருந்தால் எஸ்.டி.யை நீக்கச் சொல்லுங்கள், ஒரே நாடகத்துக்கு இரண்டு முறை காசு எதற்கு?

எச்.டி. பாக்ஸை டிவியோடு இணைக்க, அந்த மூன்று ஒயருக்குப் பதில் படமும் சத்தமும் சேர்ந்து போகும் எச்.டி.எம்.ஐ. ஒயர் வேண்டும். அதைப் போட்டும் எச்.டி. சேனலில் படம் மங்கலாக இருந்தால், பாக்ஸின் மெனுவில் வீடியோ அவுட்புட் 576-லேயே நிற்கிறதா என்று பாருங்கள். அதை 1080-க்கு மாற்றி, திரை விகிதத்தை 16:9 ஆக்குங்கள். பிறகு டிவியின் படமெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்க்ரீன் ஃபிட்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் டிவி நான்கு ஓரத்தையும் கொஞ்சம் வெட்டிவிட்டுக் காட்டும், கிரிக்கெட் ஸ்கோர் பாதி வெளியே போய்விடும். ஆயிரம் ரூபாய் 'கோல்டு பிளேட்' ஒயர் வேண்டாம். 1080-க்குச் சாதாரண ஹை ஸ்பீடு ஒயர் போதும், ரிச்சி தெருவில் ஒன்றரை மீட்டர் சல்லிசாகக் கிடைக்கும்.

எச்.டி.எம்.ஐ. ஒயரைச் செருகும்போது டிவி, பாக்ஸ் இரண்டின் சுவிட்சையும் போர்டிலேயே அணைத்துவிடுங்கள். இதை நிறையப் பேர் செய்வதில்லை. பாக்ஸின் அடாப்டருக்கு எர்த் பின் கிடையாது, டிவிக்கும் பெரும்பாலும் இரண்டு பின்தான். கரண்ட் இருக்கும்போது பாக்ஸின் பின்புற உலோகத்தைத் தொட்டால் சுள்ளென்று இருக்குமே, அந்தக் கசிவு போர்ட் வழியாக டிவிக்குள் பாய்ந்தால் எச்.டி.எம்.ஐ. சிப் போய்விடும். மாடி மாடியாகத் தாண்டி வரும் கேபிள் ஒயரில் இடி மின்னலும் இறங்கும். மழைக்காலத்தில் இடி வரும்போல் இருந்தால் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, இடி தொடங்கும் முன்பே கேபிள் ஒயரையும் பாக்ஸிலிருந்து கழற்றுங்கள். ஸ்டெபிலைசர் தேவையில்லை, இன்றைய டிவிகள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். அந்தக் காசுக்கு திடீரென்று எகிறும் கரண்டைத் தடுக்கும் ஒரு நல்ல சர்ஜ் புரொடெக்டர் வாங்கலாம்.

படம் கட்டம் கட்டமாக உடைந்தால் டிவியைத் திட்டாதீர்கள். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் உப்புக் காற்றில் கேபிள் முனையில் இருக்கும் திருகு கனெக்டர் களிம்பு ஏறிப்போகும். கழற்றிப் பாருங்கள், நடுச் செம்புக் கம்பி பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் அரை இன்ச் வெட்டிப் புது கனெக்டர் போடச் சொல்லுங்கள். முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு இருக்கவே கூடாது. இரண்டு டிவிக்கு ஒரே ஒயரைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் போட்டால் ஒவ்வொரு பக்கமும் சிக்னல் பாதிக்கும் கீழே குறையும், எச்.டி. உடைவதற்கு அதுவும் ஒரு காரணம். டிவியில் பயன்படாத போர்ட்டுகளை ரப்பர் மூடியால் அடைத்துவிடுங்கள்.

டிவியோடு வரும் இலவச இன்ஸ்டலேஷனுக்குப் பத்துக்கு ஆறு மதிப்பெண் தரலாம். துளை போட்டு மாட்டி, வைஃபை இணைத்து, ரிமோட்டைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆள் வருவதற்கு முன்பு அட்டைப்பெட்டியைப் பிரிக்காதீர்கள், பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் பில்லில் உள்ளதும் ஒன்றா என்று மட்டும் பாருங்கள். சுவர் ஸ்டாண்டுக்குத் தனிக்காசா என்பதைக் கடையிலேயே பில்லில் எழுதி வாங்குங்கள், வீட்டு வாசலில் பேரம் பேச முடியாது.

மாட்டும் உயரத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சும்மா விட்டால் சுவிட்ச் போர்டுக்கு மேலே ஐந்தடியில் மாட்டிவிடுவார்கள். தரையில் உட்கார்ந்தால் கண் மட்டம் சுமார் 30 இன்ச். திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து 36 முதல் 40 இன்ச்சுக்குள் இருந்தால் கழுத்து வலிக்காது. ஆனால் வெள்ளம் ஏறும் தெருவில் தரைத்தளம் என்றால் கணக்கு வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பார்த்து, டிவியின் அடி ஓரமும் பிளக்கும் அதற்கு மேலே வருமாறு மாட்டுங்கள்.

துளை போடும்போது டிரில்லில் கொட்டும் தூளைக் கவனியுங்கள். செக்கச்செவேலென்று வந்தால் செங்கல், பிடிக்கும். வெளுத்த மணலாகத் தொடர்ந்து கொட்டினால் ராயபுரத்துப் பழைய வீடுகளில் அது சுண்ணாம்புச் சாந்து, திருகைப் பிடிக்கச் சுவரில் செருகும் ராவல் பிளக் நிற்காது. இரண்டு இன்ச் தள்ளிப் போடச் சொல்லுங்கள். 43 இன்ச் டிவி எட்டு கிலோ வாக்கில் இருக்கும், நான்கு துளைக்குக் குறையக் கூடாது, ஒவ்வொன்றும் இரண்டு இன்ச் ஆழம். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே துளை போட விடாதீர்கள், உள்ளே ஒயர் பைப் போகும். ஓதம் ஏறி உப்புப் பூத்த சுவரும் தகரத் தடுப்பும் வேண்டவே வேண்டாம், மேஜை ஸ்டாண்டே நல்லது. பழைய ஷோகேஸில் வைக்க நினைத்தால் டேப்பால் அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்: 32 இன்ச் டிவியின் அகலம் சுமார் 72 செ.மீ., 43 இன்ச்சுக்கு 96 செ.மீ.

ஆள் கிளம்புவதற்கு முன் யூடியூபில் முழு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு வரும் டெஸ்ட் வீடியோவை ஓட்டுங்கள். செத்த புள்ளி, ஓரத்தில் ஒளிக்கசிவு, நடுவில் கறை எதுவானாலும் அப்போதே போட்டோ எடுத்து அவருடைய சர்வீஸ் ஷீட்டில் எழுத வையுங்கள். பிறகு சொன்னால் "நீங்க இடிச்சிருப்பீங்க" என்பார்கள். பெட்டியையும் தெர்மாக்கோலையும் இரண்டு வாரம் பரணில் வையுங்கள்.

படத்தின் மோடு 'விவிட்' என்று வரும், கடை வெளிச்சத்துக்கானது அது. 'மூவி' அல்லது 'சினிமா'வுக்கு மாற்றினால் முதல் நாள் மஞ்சளாகத் தோன்றும், மூன்றாம் நாள் மனிதத் தோல் தோலாகத் தெரியும். 'மோஷன்' என்று தொடங்கும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வியாசர்பாடியில் ஃபுட்பால் பார்க்காத வீடு குறைவு, அது போட்டிருந்தால் பந்துக்குப் பின்னால் வால் முளைக்கும்.

சத்தம் சுமார்தான், எல்லா மெல்லிய டிவியிலும். கரண்ட் பயம் வேண்டாம்: 80 வாட் டிவி தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 24 யூனிட். திரையை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடையுங்கள். பின்பக்கக் காற்றுத் துளை வழியாகப் பல்லி நுழைந்து போர்டை ஷார்ட் ஆக்குவது இங்கே சர்வசாதாரணம், அதற்கு வாரன்டி கிடைப்பது கஷ்டம். டிவிக்குப் பின்னால் டியூப்லைட் இருந்தால் பூச்சிக்கு வரும் பல்லி அங்கேயே குடியிருக்கும், லைட்டை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிடுங்கள்.