ட்ராய், 196 நிமிடப் பதிப்பு: பிரியாமுக்கு ஒரு வாய்ச் சோறு

ட்ராய் இளவரசன் பாரிஸ், ஸ்பார்டா ராஜா மெனலாசின் மனைவி ஹெலனைக் கூட்டிப்போக, கிரேக்கர்கள் ட்ராய் மேல் படையெடுத்த பழங்கதைதான் ‘ட்ராய்’ படம். 2004இல் தியேட்டருக்கு வந்தது 163 நிமிடம். இயக்குநர் வோல்ஃப்கேங் பீட்டர்சன் 2007இல் வெளியிட்ட நீண்ட பதிப்பு 196 நிமிடம். நான் எழுதுவது அந்த நீண்ட பதிப்பைப் பற்றி. காசிமேட்டில் எங்கள் வீட்டில், சித்தப்பாவுடன், நடுநடுவே நிறுத்திக் கதை சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் பாரதக் கூத்து என்றால் விடியவிடிய எழுந்திருக்க மாட்டார். ஒரு பெரிய கதையை எங்கே வெட்டலாம், எங்கே கை வைக்கக்கூடாது என்று அவருக்குத் தெரியும்.

பத்து வருடப் போரைச் சில வாரங்களுக்குள் அடைத்துவிட்டார்கள் என்பதுதான் இந்தப் படத்தின் மேல் எல்லோரும் சொல்லும் முதல் குறை. எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. இந்தப் போரைப் பாடிய கிரேக்கக் கவி ஹோமரே முழுப் போரையும் பாடவில்லை. அவருடைய இலியட் காவியம் 24 காண்டம், பதினைந்தாயிரம் வரிக்கு மேல். ஆனால் அதில் நடப்பது பத்தாவது வருடத்தில் ஐம்பது நாள் சங்கதி. கிரேக்க வீரன் அக்கிலீசின் கோபத்தில் ஆரம்பித்து, அவன் கொன்ற ட்ராய் இளவரசன் ஹெக்டரின் ஈமச்சடங்கில் முடிந்துவிடும். கிரேக்கர்கள் ஒளிந்து ட்ராய்க்குள் நுழைந்த மரக்குதிரை அதில் வராது, அக்கிலீசின் சாவும் வராது. நம் கூத்தில் கர்ண மோட்சத்தை மட்டும் எடுத்து ஒரு இரவு முழுக்க ஆடுகிறார்களே, அந்த முறைதான். படம் நேர் எதிராக, ஹெலன் கிளம்புவதிலிருந்து நகரம் எரிவது வரை எல்லாவற்றையும் காட்டப் பார்க்கிறது. அதனால் எதிலும் நின்று மூச்சு வாங்க முடியவில்லை.

அடுத்தது, தெய்வங்களை எடுத்துவிட்டார்கள். அக்கிலீசின் தாய் தீட்டிஸ் மட்டும் ஒரு காட்சியில் வருகிறாள், அவளும் கிட்டத்தட்ட சாதாரணப் பெண்ணாக. இதனால் கதையின் எலும்பே மாறுகிறது. ஹோமரில் மெனலாஸ் பாரிசைத் தலைக்கவசத்தோடு பிடித்து இழுக்கும்போது, காதல் தெய்வம் அப்ரோடைட் வாரை அறுத்து, மூடுபனியில் மறைத்து, அவனைக் கொண்டுபோய்ப் படுக்கையறையில் விடுகிறாள். படத்தில் காப்பாற்றத் தெய்வம் இல்லை. பாரிஸ் தவழ்ந்துபோய் அண்ணன் காலைக் கட்டிக்கொள்கிறான், ஹெக்டர் மெனலாசைக் குத்திக் கொன்றுவிடுகிறான். சித்தப்பா சட்டென்று கேட்டார்: “புருசன்காரனே பூட்டான். இன்னும் எதுக்கு கண்ணு சண்ட?” மெனலாசின் அண்ணன், படைத்தலைவன் அகமெம்னானுக்கு வேண்டியது ராஜ்யம் என்று படம் பதில் வைத்திருக்கிறது. ஆனால் ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில் அதே மெனலாஸ் ஸ்பார்டாவில் ஹெலனோடு குடும்பம் நடத்துகிறான். இத்தனை பேர் செத்த பிறகு அந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து விருந்தாளிக்குப் பழைய கதை பேசுகிறார்கள். அந்த வலியைப் படம் தூக்கிப் போட்டுவிட்டது.

அகமெம்னானுக்கும் இதே கதி. ட்ராய்க்குக் கப்பல் கிளம்பக் காற்று வேண்டிச் சொந்த மகள் இஃபிஜீனியாவைப் பலி கொடுத்தவன் அவன். ஊர் திரும்பியதும் மனைவி கிளைட்டம்னெஸ்ட்ரா அவனைக் கொல்கிறாள். கி.மு. 458இல் கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் மேடையேற்றிய நாடகம் அதுதான். படத்தில் மகளே இல்லை. எரிகிற ட்ராயிலேயே கிரேக்கர்கள் சிறைபிடித்த பெண் பிரிசெயிஸ் அவனைக் கத்தியால் குத்திவிடுகிறாள். பார்க்கிறவனுக்குக் கெட்டவன் ஒழிந்தான் என்ற திருப்தி. இந்தத் திருப்திதான் எனக்கு ஒப்பவில்லை. வருடங்களைக் குறைத்தால் கதை தாங்கும். கணக்கை அங்கேயே தீர்த்துவைத்தால் தாங்காது. துச்சாதனனைச் சபையிலேயே திரௌபதி குத்திப்போட்டால் பதினெட்டாம் போருக்கு என்ன வேலை?

பிரிசெயிஸ் விஷயத்தில் எனக்குக் கோபமே வந்தது. இலியட்டில் அவள் புருஷனையும் மூன்று சகோதரர்களையும் இழந்தவள். புருஷனைக் கொன்றவன் அக்கிலீஸ். படம் அவளை அப்பல்லோ கோவில் கன்னியாக்கி, ஹெக்டருக்கு உறவாக்கி, அக்கிலீசோடு காதல் பாட்டு இல்லாத குறையாக ஒட்டவைத்திருக்கிறது.

இனி நல்லது. குதிகாலில் அம்பு பட்டு அக்கிலீஸ் செத்தான் என்பது பழங்கதை, அதை யோசித்துச் செய்திருக்கிறார்கள். மார்பில் தைத்த அம்புகளை அக்கிலீஸ் தானே பிடுங்கி எறிகிறான், கடைசியில் காலில் மட்டும் ஒன்று மிஞ்சுகிறது. பிணத்தைப் பார்த்தவர்கள் அப்படித்தானே கதை கட்டியிருப்பார்கள்! தகனத்தில் கண்மேல் காசு வைக்கிறார்கள். நாம் நெற்றியில் வைப்போம், சித்தப்பா உடனே கவனித்தார். ஆனால் ட்ராய்ப் போர் நடந்ததாகச் சொல்லும் காலத்துக்குப் பல நூற்றாண்டு கழித்துத்தான் நாணயமே வந்தது.

பிறகு ட்ராய் ராஜா, ஹெக்டரின் அப்பா பிரியாம். பீட்டர் ஓ’டூல் நடித்த அந்த ஒரு காட்சிக்காக மொத்தப் படத்தையும் பார்க்கலாம். கிழட்டு ராஜா ராத்திரியில் எதிரி கூடாரத்துக்குள் நுழைந்து, மகனைக் கொன்றவன் கையை முத்தமிடுகிறார். உடம்பைக் கொடு என்கிறார். எங்கள் பக்கம் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை என்றால், உயிருக்கு அடுத்தபடி எல்லோரும் வேண்டுவது உடம்பாவது கரைக்கு வரட்டும் என்பதைத்தான். அந்தக் காட்சியில் சித்தப்பாவுக்கு நான் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ஹோமரில் அதற்குப் பிறகு ஒன்று உண்டு. இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். கிழவர் மகனுக்காக, அக்கிலீஸ் தன் அப்பாவையும் செத்துப்போன நண்பன் பட்ரோக்ளசையும் நினைத்து. அப்புறம் அக்கிலீஸ், பிள்ளைகள் எல்லோரையும் பறிகொடுத்த நையோபிகூடச் சாப்பிட்டாள் என்று சொல்லி, ஆட்டை அறுத்துச் சமைத்து அவரைச் சாப்பிட வைக்கிறான். சாவு வீட்டில் அடுப்பு எரியாது, பக்கத்து வீட்டிலிருந்துதான் சோறு வரும் என்று தெரிந்தவர்களுக்கு இந்த இடம் எவ்வளவு பெரியது! கொன்றவனே அந்தச் சோற்றைப் போடுகிறான். படத்தில் அது இல்லை. 33 நிமிடம் கூட்டியவர்கள் ரத்தத்தையும் நகரச் சூறையையும் கூட்டினார்கள். இரண்டு நிமிடம் இதற்குக் கொடுத்திருக்கலாம்.

பார்ப்பதென்றால் நீண்ட பதிப்பையே பாருங்கள், கிரேக்க ராஜா ஒடிசியஸ் அறிமுகமும் அதில்தான் ஒழுங்காக இருக்கிறது. சூறைக் காட்சிகள் கொடூரம், சின்னப் பிள்ளைகளை உட்காரவைக்க வேண்டாம். இலியட் முழுதும் படிக்க நேரமில்லாதவர்கள் 24ஆம் காண்டத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள்.