ஊட்டிக் குளிரில் தெர்மல் குக்கர்: சோற்றுக்கு வாங்கினோம், மாவுக்கு வைத்துக்கொண்டோம்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் குடியிருப்பவர்கள் தெர்மல் குக்கர் வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் சோறு வடிக்க என்று நினைத்து வாங்காதீர்கள். இட்லி மாவு பொங்கவும் தயிர் உறையவும் இதைவிட நல்ல சாமான் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. ஊட்டிக்குப் பக்கத்தில் லவ்டேலில் குடிவந்த வருஷத்திலிருந்து இது எங்கள் சமையலறையில் இருக்கிறது. கரண்ட் இல்லாத ஆடி மழை, உறைபனி விழும் தை மாசம், ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து நிறையும் சீசன் எல்லாவற்றிலும் புழங்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பார்க்காதவர்களுக்காக: வெளியே ஓர் எவர்சில்வர் டிரம், உள்ளே கைப்பிடி வைத்த பாத்திரம், டிரம்மின் சுவருக்குள் கனமான ஃபோம். மூடியிலும் அதே ஃபோம். அரிசியை நிறையத் தண்ணீரில் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, பாத்திரத்தை அப்படியே தூக்கி டிரம்முக்குள் வைத்து மூட வேண்டும். ஒரு மணி நேரத்தில் மிச்ச வேக்காட்டை உள்ளே இருக்கும் சூடே பார்த்துக்கொள்ளும். கரண்ட் வேண்டாம், கேஸும் மிச்சம்.

மேட்டுப்பாளையத்தில் என் மாமியார் வீட்டில் பல வருஷமாக இதில்தான் சோறு. பூப்பூவாக வரும். அந்த நம்பிக்கையில் எங்களுக்கும் ஒன்று வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு மலையேறி வந்தார். வந்த அன்றே பொன்னி புழுங்கலரிசி போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக் கொதிக்கவிட்டு, பெட்டிக்குள் இறக்கினார். திறந்து பார்த்தால் ஒவ்வொரு சோறும் நடுவில் வேகாமல் நறுக்கு நறுக்கென்று நிற்கிறது. "ஏங்கண்ணு, இங்க தண்ணிக்கு என்ன ஆச்சு? நான் வெச்ச சோறு வேகாம இருந்ததே இல்லியே" என்று அத்தைக்கு மனசே ஆறவில்லை. அரிசி பழசா, கேஸ் சரியில்லையா, தண்ணிதான் காரணமா என்று சாயங்காலம் வரை ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டார்.

தண்ணியைச் சந்தேகப்பட்டது சரிதான். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், மேலே போகப் போக ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் முன்னாலேயே கொதித்துவிடும். ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். இங்கே 93 டிகிரி வாக்கிலேயே தளதளவென்று கொதி வந்துவிடும். மேட்டுப்பாளையத்தில் 99 டிகிரி. திறந்த பாத்திரத்தில் எவ்வளவு தீ வைத்தாலும் அதற்குமேல் சூடேறாது. ஆக, பெட்டிக்குள் போகும்போதே ஆறு டிகிரி குறைவு. குளிர்ந்து கிடக்கும் டிரம்மும் தன் பங்குக்குச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். பிரஷர் குக்கரில் இந்தத் தொல்லை குறைவு. வெயிட் கூட்டித் தரும் அழுத்தத்தில் உள்ளே சூடு 110 டிகிரியைத் தாண்டிவிடும். ஒன்றிரண்டு விசில் கூட விட்டால் போதும்.

சரி, இங்கே இதில் சோறே ஆகாதா என்றால், ஆகும். அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, இருபது நிமிஷம் கொதிக்கவிட்டு, அதற்குள் டிரம்மில் ஒரு செம்பு வெந்நீர் வைத்து மூடிச் சூடேற்றிக்கொண்டால் நல்ல சோறு கிடைக்கும். பச்சரிசி இன்னும் சுலபம். ஆனால் அவ்வளவு நேரம் அடுப்பு எரிந்தால் கேஸ் மிச்சம் என்று சொல்ல என்ன இருக்கிறது? தினப்படி சோற்றுக்கு நாங்கள் பிரஷர் குக்கருக்கே திரும்பிவிட்டோம்.

இதில் ராஜ்மா வேகவைக்கலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் பொருள் உண்டு. நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தளதளவென்று கொதிக்கவைத்தால்தான் அது அழியும். 80 டிகிரி வாக்கில் மெதுவாக வெந்தால் பயறு மெத்தென்று ஆகிவிடும், நச்சு அப்படியே இருக்கும். வாந்தி, பேதி வரலாம். அதெல்லாம் பிரஷர் குக்கர் வேலை.

இப்போது மாவுக்கு வருகிறேன். மலையில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு மாவு பொங்குவது எவ்வளவு பெரிய கவலை என்று கீழே இருப்பவர்களுக்குச் சொன்னால் புரியாது. மாவைப் பொங்க வைக்கிற நுண்ணுயிரிகள் உளுந்தோடும் அரிசியோடுமே வருகின்றன. அவற்றுக்கு 30 டிகிரி பக்கம் சூடு இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக வேலை முடிந்துவிடும். மார்கழியில் எங்கள் சமையலறையில் விடியற்காலை பத்து டிகிரி இருந்தாலே பெரிய விஷயம். இரண்டு நாள் வைத்தாலும் மாவு ஊற்றின இடத்திலேயே நிற்கும்.

இதற்கு அத்தை ஒருமுறை தனி வழி கண்டுபிடித்தார். மேட்டுப்பாளையத்திலேயே மாவைப் பொங்கவைத்து, இறுக்கமான மூடி போட்ட தூக்கில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். பர்லியார் தாண்டும்போதே மூடி உப்பியிருக்கிறது. உயரம் ஏற ஏற வெளியே காற்றழுத்தம் குறையும். கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூரில் உப்பிப் போவது இதனால்தான். இங்கே மாவு தன் பங்குக்கு வாயுவை வேறு விட்டுக்கொண்டே வந்திருக்கிறது. குன்னூர் வருவதற்குள் டப்பென்று மூடி தெறித்து, பக்கத்து சீட்டுக்காரர் பேன்ட் முழுக்க மாவு. அத்தை பதறிப்போய் முந்தானையால் துடைக்கப் போக, அந்த மனுஷர் பேப்பரைக் கிழித்துத் துடைத்துக்கொண்டே, "வாசம் நல்லா இருக்குங்கம்மா, உளுந்து எங்க வாங்குனீங்க?" என்று கேட்டாராம். அத்தை இன்றைக்கும் அவரைப் பற்றி நல்லவிதமாகத்தான் பேசுவார்.

பெட்டியை மாவுக்குத் திருப்பியதும் அத்தைதான். டிரம்முக்குள் இருக்கும் பாத்திரத்தை எடுத்துவிட்டு, அடியில் ஒரு சின்ன மூடி போட்ட பாத்திரத்தில் கொதித்து இறக்கிய வெந்நீரை வைத்தார். அதன்மேல் பாத்திரத்தைத் தாங்கும் வளையமாக ஒரு பிரிமனை. பிரிமனைமேல் மாவுப் பாத்திரம். ஒன்றரை லிட்டர் மாவுக்கு அரை லிட்டர் வெந்நீர். அத்தை கைக்கணக்கில் வைத்த அளவுதான், ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த வெந்நீரின் சூடு மெல்ல மாவில் இறங்கி, மொத்தமும் 30 டிகிரியை ஒட்டி வந்து நிற்கிறது. பிரிமனை முக்கியம். அது இல்லாவிட்டால் அடி மாவு நேரே சூடு பட்டு வெந்துபோகும். அரைக்கும்போதும் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைப்போம். கோயம்புத்தூரில் கிரைண்டர் சூடாகுமே என்று ஐஸ் தண்ணீர் விடுவார்கள், இங்கே அதற்கு நேர் எதிர்.

முதல் தடவை இப்படி வைத்தது பொங்கலுக்கு முந்தின வாரம். தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்த நாட்கள். மாவை ஊற்றிவைத்தது என் கணவர். "இந்த ஊர்ல மாவு எங்க பொங்கப் போகுது" என்று பாத்திரத்தின் கழுத்து வரை நிரப்பிவிட்டார். காலையில் அத்தை போட்ட சத்தத்தில் எல்லோரும் கம்பளியோடு ஓடினோம். பெட்டியின் மூடி ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது. மாவு டிரம்மின் வாய் வழியாக வழிந்து, மேடையில் பரவி, கேஸ் அடுப்பின் காலைத் தொட்டுவிட்டது. அத்தை திட்டப்போகிறார் என்று நினைத்தால் கையைத் தட்டிச் சிரிக்கிறார். "பாரு, பொங்கிருச்சு!" பிள்ளைகள் இரண்டும் "பொங்கலோ பொங்கல்" என்று குலவையிட ஆரம்பித்துவிட்டன. மிஞ்சிய மாவில் அன்று வந்த இட்லி, நாங்கள் ஊட்டிக்கு வந்த பிறகு சாப்பிட்ட முதல் நல்ல இட்லி. அதிலிருந்து பாதிப் பாத்திரத்துக்கு மேல் ஊற்றுவதில்லை.

தயிருக்கு வெந்நீர்கூட வேண்டாம். விரல் வைத்தால் இதமாக இருக்கிற சூட்டில், அதாவது 40 டிகிரியைக் கொஞ்சம் தாண்டின பாலில் உறை விட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடினால் ஐந்தாறு மணி நேரத்தில் கத்தியால் வெட்டுகிற மாதிரி தயிர். பெட்டி வருவதற்கு முன் தயிர்ப் பாத்திரத்துக்கு மகளின் பழைய ஸ்வெட்டரை மாட்டி, மேலே கம்பளிக் குல்லா போட்டு, கட்டிலில் போர்வைக்குள் வைப்போம். பொள்ளாச்சியிலிருந்து வந்த என் கணவரின் சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, வீட்டில் இருந்த அவ்வளவு நேரமும் குரலைத் தாழ்த்தியே பேசினார். கிளம்பும்போது நூறு ரூபாயை எடுத்துப் போர்வைக்குள் செருகப் போய்த்தான் அது தயிர் என்று தெரிந்தது.

பெட்டி சூடாக இருக்கிறது என்று தெரிந்ததும் வீட்டில் ஆளாளுக்கு அதற்கு ஒரு வேலை கொடுத்தார்கள். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே போனாலே உறைந்துவிடும். ஊட்டியில் பெரும்பாலும் அது கட்டிதான். என் கணவர் எண்ணெய்ப் பாட்டிலைச் சோற்றுப் பாத்திரத்தின்மேல் சாய்த்து வைத்து மூடியிருக்கிறார். பாட்டில் மூடி சரியாகத் திருகியிருக்கவில்லை. அன்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகன், "அம்மா, இன்னிக்கு தேங்காய் சாதம் சூப்பர், ஆனா தேங்காயவே காணோம்" என்றான். டப்பா காலியாக வந்திருந்தது. தலைக்கு வைக்கிற எண்ணெய் இல்லை, சமையல் எண்ணெய்தான் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மகள் செய்தது வேறு. ஆடி மழையில் சாக்ஸ் காயவே காயாது. இரவு ஈர சாக்ஸைக் கவரில் சுற்றாமல்கூட அப்படியே சூடான பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டாள். காலையில் எடுத்தால் சாக்ஸ் வெதுவெதுவென்று இருக்கிறது, ஈரம் துளியும் குறையவில்லை. ஈரம் வெளியே போக வழி இருந்தால்தானே காயும்? சூட்டைப் போலவே ஈரத்தையும் இந்தப் பெட்டி விடாது என்பது அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அத்தை பெட்டியைப் புளி போட்டு, எலுமிச்சம்பழத் தோல் போட்டு, மறுபடி வெந்நீர் ஊற்றிக் கழுவினார். அவள் அந்தச் சூடான சாக்ஸையே போட்டுக்கொண்டு சந்தோஷமாகப் பள்ளிக்கூடம் போனாள்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போகும் நாட்களில் பெட்டியின் அருமை தெரியும். மத்தியானம் கொதிக்கக் கொதிக்க வைத்த ரசம் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் ஆவி பறக்கும். ஆனால் மிச்சச் சோற்றை ராத்திரி முழுக்க அதிலேயே விடாதீர்கள். 60 டிகிரிக்குக் கீழே இறங்கின பிறகு அந்த வெதுவெதுப்பு கிருமிகளுக்கு ரொம்ப வசதி. மார்கழிக் குளிரில் வெளியே மேடையில் இருந்த சோறு காலையில் நன்றாக இருக்க, பெட்டிக்குள் இருந்த சோறு நூல்விட்டுப் போனதை நாங்களே பார்த்திருக்கிறோம்.

உழைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் எங்கள் பூனையிடமிருந்து தொடங்க வேண்டும். மிளகு என்று பேர். வீட்டில் எங்கே சூடு இருந்தாலும் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். செட்டாப் பாக்ஸ்மேல், வெந்நீர் அண்டா பக்கத்தில், இறக்கிவைத்த குக்கர் ஓரத்தில். இந்தப் பெட்டியை மட்டும் திரும்பிப் பார்த்ததில்லை. கொதிக்கும் பாத்திரம் உள்ளே இருக்கும்போதும் வெளியே தொட்டால் சில்லென்று இருக்கும், பூனைக்கு அங்கே என்ன வேலை? போன குளிர்காலத்தில் திடீரென்று பெட்டியின் இடது பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு படுக்க ஆரம்பித்தது. அதே சமயத்தில்தான் தயிர் சரியாக உறையவில்லை, மாவும் மந்தமாக இருந்தது. கையை வைத்துப் பார்த்தால், மிளகு மூக்கை வைக்கிற இடத்தில் மூடி ரப்பர் விரிசல் விட்டுச் சூடு கசிகிறது. ஊட்டி மார்க்கெட்டில் புது ரப்பர் வாங்கிப் போட்டதும் பூனை செட்டாப் பாக்ஸுக்கே திரும்பிவிட்டது, தயிரும் பழையபடி உறைகிறது.

ரப்பர் தவிர பெரிய செலவு வைக்கவில்லை. கைப்பிடி ஆணி ஒன்று தளர்ந்து முடுக்க வேண்டியிருந்தது. டிரம்மை மட்டும் தண்ணீருக்குள் முக்கிக் கழுவக் கூடாது. இணைப்பு வழியாக உள்ளே தண்ணீர் இறங்கி ஃபோமில் தங்கிவிட்டால், இங்கே இருக்கிற வெயிலுக்கு அது காய மாசக்கணக்காகும். ஈரத்துணியால் துடைத்து, மூடியைத் திறந்தே வைத்தால் போதும், நாற்றம் வராது.

வாங்கப் போகிறவர்கள் எத்தனை கிலோ அரிசி வேகும் என்று பார்க்காதீர்கள், வாய் எவ்வளவு அகலம் என்று பாருங்கள். குறுகலான வாய் உள்ளதில் வெந்நீர், பிரிமனை, மாவு மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்காது. கடைக்குப் போகும்போது உங்கள் வீட்டு மாவுப் பாத்திரத்தையும் பிரிமனையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய், உள்ளே இறக்கி, மூடி முழுக்க உட்காருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.