வெந்நீர்க் கணப்புக்கு வால்வும் ஃபிட்டிங்கும்: எங்கே மலிவு போதும், எங்கே கூடாது

வெந்நீரைக் குழாயில் சுற்றவிட்டு வீட்டைச் சூடாக்கும் அமைப்பில் பாய்லருக்கு அடுத்தபடி பணம் கரைவது வால்விலும் ஃபிட்டிங்கிலும்தான். ஒவ்வொன்றும் சில்லறைச் செலவாகத் தெரியும். ஐம்பது அறுபது உருப்படி சேரும்போது கையைக் கடிக்கும். எதில் மிச்சம் பிடிக்கலாம் என்பதற்கு ஒரே கேள்வி போதும்: இது கெட்டுப்போனால் மாற்றுவதற்கு முழு அமைப்பையும் வடிக்க வேண்டுமா?

அப்படிப் பார்த்தால், தகடு இறங்கி வழியை அடைக்கும் கேட் வால்வின் மலிவு மலிவே இல்லை. சில வருடம் தொடாமல் விட்டால் உள்ளே தகடு துருவிலும் கசடிலும் இறுகிவிடும். திருகினால் அடிவரை இறங்காது, இல்லையேல் தண்டு மட்டும் சுற்றும். பம்பைக் கழற்ற வேண்டிய நாளில் தண்ணீர் நிற்காது. துளையிட்ட உருண்டை உள்ளே சுழலும் பால் வால்வு (ball valve) கால் சுற்றில் மூடும். அதிலும் பம்பின் இருபுறமும் துவாரம் குறுகாத வகையைப் போடுங்கள்; ஒற்றை ரேடியேட்டர் கிளைக்குக் குறுகியதே போதும்.

நியாயமான மிச்சம் ஒன்று உண்டு. குடிநீருக்கான ஈயம் குறைந்த பித்தளை விலை கூடியது. கணப்பின் மூடிய சுற்றில் யாரும் குடிக்கப்போவதில்லை, சாதாரணப் பித்தளையே போதும். ஆனால் தண்ணீர் நிரப்பும் இணைப்பில், பின்னோட்டத் தடுப்பு வால்வு உட்பட அதற்கு முந்தைய எல்லாமே குடிநீர்த் தரத்தில் இருக்க வேண்டும். மீந்த வால்வைச் சமையலறைக் குழாயில் மாட்டிவிடாதீர்கள்.

செம்புக் குழாயில், ஈயப்பற்று போல உலோகத்தை உருக்கி ஒட்டும் சால்டர் ஃபிட்டிங்தான் உருப்படிக்கு மிக மலிவு. கருவியால் நெரித்து இறுக்கும் பிரெஸ் ஃபிட்டிங் அதைப்போலப் பல மடங்கு, கருவி வாடகை வேறு. இருந்தும் குழாயில் ஈரம் தங்கும் பழுது வேலைக்கு பிரெஸ்தான் நல்லது: உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சூடு ஏறாது, சால்டர் உருகி ஓடாது. புதிதாகக் கட்டும்போது குழாய் காய்ந்திருக்கும், சால்டரே போதும். பால் வால்வுக்குப் பக்கத்தில் சால்டர் வைத்தால் வால்வை ஈரத்துணியால் சுற்றுங்கள், உள்ளிருக்கும் டெஃப்லான் இருக்கை கருகாது. கருவியே வேண்டாத புஷ் ஃபிட்டிங்கை அவசரத்துக்கு இரண்டு மூன்று வைத்துக்கொள்ளலாம். அது ஒழுகக் காரணம் பெரும்பாலும் வெட்டு விளிம்பு: பிசிறை வழிக்காமல் நுழைத்தால் ரப்பர் வளையம் கிழியும். நுழைய வேண்டிய ஆழத்தைக் குழாயில் பென்சிலால் குறியுங்கள். கோடு ஃபிட்டிங் வாயைத் தொடாமல் எட்டி நின்றால் குழாய் முழுதாக உட்காரவில்லை.

பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குழாயில் ஆக்ஸிஜன் தடுப்புப் பூச்சு இல்லாததை விலைக்காக வாங்க வேண்டாம். குழாய்க்கு ஒன்றும் ஆகாது. ஊடுருவும் ஆக்ஸிஜன் வார்ப்பிரும்புப் பம்பையும் எஃகு ரேடியேட்டரையும் அரிக்கும். உறையாமலிருக்க கிளைக்கால் கலப்பவர்கள் துத்தநாகம் பூசிய ஃபிட்டிங்கைத் தவிர்க்க வேண்டும். பூச்சு கிளைக்காலின் துருத்தடுப்பியோடு வினைபுரிந்து கசடாகும்.

இணையத்தில் மலிவாகக் கிடைப்பதில் அதிகம் ஏமாறுவது மரையில். பிரிட்டிஷ் மரையான பி.எஸ்.பி., அமெரிக்க மரையான என்.பி.டி. இரண்டுக்கும் அரை இஞ்சிலும் முக்கால் இஞ்சிலும் இஞ்சுக்கு 14 மரைதான். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 டிகிரி, மற்றதில் 60. கையால் சில சுற்று நன்றாகவே ஏறும். பிறகு இறுகி, சூடாகி ஆறியதும் கசியும். எத்தனை சுற்று டெஃப்லான் டேப் சுற்றினாலும் நிற்காது. ஒரு இஞ்ச் அளவு ஃபிட்டிங்கில் மரை எண்ணிக்கையே 11, பதினொன்றரை என்று வேறுபடுவதால் சீக்கிரமே முரண்டும், தவறு உடனே தெரியும்.

பம்பின் இருபுறமும் போல்ட் போட்டு இணைக்கும் ஃபிளாஞ்சை, விலை கூடினாலும், வால்வோடு சேர்ந்து வருவதாக வாங்குங்கள். இரண்டு வால்வையும் மூடினால் சில கோப்பைத் தண்ணீரோடு பம்ப் கையில் வந்துவிடும்; அமைப்பை மறுபடி நிரப்பிக் காற்று வெளியேற்றும் வேலையே இல்லை.

பழைய பொருள் வாங்குவதில் தவறில்லை. பால் வால்வை நாலைந்து முறை திறந்து மூடி, வாயில் ஊதிப் பார்த்து வாங்கலாம். சேஃப்டி வால்வு மட்டும் புதிதாகவே இருக்கட்டும், அதன் அழுத்த அளவு பாய்லருக்குக் குறித்ததைத் தாண்டக் கூடாது, பாய்லருக்கும் அதற்கும் நடுவே எந்த மூடு வால்வும் வரக் கூடாது.