யோசனையில் மூழ்க ஒரு மணல் கடிகாரம்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே யோசனையில் மூழ்கும் பழக்கம். பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் காதில் விழாது. அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. அதற்கென்று ஒரு நேரம் ஒதுக்கத்தான் இந்த 30 நிமிட மணல் கடிகாரத்தை வாங்கினேன். மூன்று மாதமாக மேசையில் இருக்கிறது.

பிடித்ததே இதில் சத்தம் இல்லாததுதான். கைபேசி அலாரம் அடித்தால் மனதில் ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று அறுந்துவிடும். மணல் அப்படியில்லை. கண் அதன்மேல் இருக்கும், மனம் எங்கோ போய்விடும். போன வாரம் பாதியில் நின்ற கடிதத்துக்கு அடுத்த வரி இப்படித்தான் வந்தது. வெளிவேலை இல்லாதபோதும் மூளையின் சில பகுதிகள் மும்முரமாக இயங்குவதை நரம்பியல் ஆய்வாளர் மார்கஸ் ரெய்க்கிளின் குழு 2001-இல் விவரித்தது. அதைப் படித்தபோது அவ்வளவு நிம்மதி.

குறை என்றால், 28 நிமிடத்திலேயே மணல் தீர்ந்துவிடுகிறது. அடிப்பலகையும் இலேசு, கை பட்டால் சாய்கிறது. அப்புறம், அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு உட்காருபவர்களுக்கு மணி அடிக்கும் கருவிதான் சரி.

ஒரே கவலை சுற்றிச் சுற்றி வரும் நாளில் மட்டும் இதைப் படுக்க வைத்துவிட்டு நடக்கப் போய்விடுகிறேன்.