லண்டன்–இந்தியா தந்தி: எந்தப் பேரம் தேறியது?

1857 எழுச்சியின் செய்தி லண்டன் போய்ச் சேர ஒரு மாதத்துக்கும் மேல் ஆனது. அந்த அதிர்ச்சியில்தான் இந்தியாவுக்குத் தந்தி இழுக்கும் அவசரம் பிறந்தது. அடுத்த 13 ஆண்டுகளில் நான்கு முயற்சிகள் நடந்தன. கேபிளின் தரம், கப்பல், பொறியாளர் என்று இவற்றை ஒப்பிட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் பார்க்க விரும்புவது வேறு: யாரிடம் போய் என்ன கேட்டார்கள், கேட்டதில் எது கிடைத்தது?

முதலில், செங்கடல் வழியாகக் கேபிள் போட வந்த செங்கடல் கம்பெனி. இதை வேகமாகவே கடந்துவிடலாம். அதற்காகப் பொறியாளர் லயனல் கிஸ்போர்ன் துருக்கி சுல்தானிடமும் எகிப்திலும் அனுமதி வாங்கி வந்தார். அது பெரிய காரியம்தான். ஆனால் லண்டன் கருவூலத்தில் கம்பெனி நடத்திய பேரம் அதைவிடப் பெரிய காரியம். 8 லட்சம் பவுண்டு மூலதனத்துக்கு 50 ஆண்டுக்கு ஆண்டுதோறும் 4.5 சதவீத உத்தரவாதம். கேபிள் வேலை செய்தால்தான் பணம் என்ற நிபந்தனை மட்டும் ஒப்பந்தத்தில் இல்லை! சூயஸிலிருந்து ஏடன் வரை 1859இல், அங்கிருந்து கராச்சிக்கு 1860இல் கேபிளைப் போட்டார்கள். பவளப் பாறைகளின் மேல் தளர்வு விடாமல் இழுத்துக் கட்டிய மெல்லிய கேபிள். சிப்பியும் பாசியும் ஏறிக் கனத்துத் துண்டு துண்டாக அறுந்தது. ஆண்டுக்கு 36,000 பவுண்டு மட்டும் அறாமல் 1908 வரை போய்க்கொண்டிருந்தது. அதில் இந்திய வருவாயும் பங்கு கட்டியது. கம்பெனி பக்கத்திலிருந்து பார்த்தால் இதைவிட நல்ல பேரம் உலகத்தில் கிடையாது.

சூடு கண்ட அரசு அடுத்ததாகத் தானே களத்தில் இறங்கியது. கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து பாக்தாத் வழியாகப் பாரசீக வளைகுடா முனையில் உள்ள ஃபாவ் வரை துருக்கியின் நிலவழிக் கம்பி. அங்கிருந்து புஷையர், முசந்தம், குவாதர் வழியாகக் கராச்சிக்கு இந்திய அரசின் கடலடிக் கேபிள். பாரசீகத்தின் (இன்றைய ஈரான்) மன்னரான ஷாவோடு 1863இலும் துருக்கியோடு 1864இலும் உடன்படிக்கை ஆனது. இரண்டு பேரங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

துருக்கியிடம் லண்டன் கேட்டது கம்பிக்கு இடம். அது கிடைத்தது. ஆனால் கருவிக்கு முன்னால் உட்காரும் ஆள் துருக்கி அரசின் ஆள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தெரியாத மொழியின் எழுத்துகளை ஒவ்வொன்றாக வாங்கி அடுத்த நிலையத்துக்குத் தட்டிவிட வேண்டும். நிலையத்துக்கு நிலையம் ஓர் எழுத்து பிசகினால், பம்பாய் வியாபாரி கையில் வந்து சேரும் பஞ்சு விலை என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 20 சொல்லுக்கு 5 பவுண்டு கட்டிவிட்டு, நாட்கணக்கில் காத்திருந்து, கடைசியில் அர்த்தமில்லாத தாளை வாங்கினார்கள். 1866இல் நாடாளுமன்றக் குழு ஒன்று உட்கார்ந்து இந்தப் புகார்களைக் கேட்க வேண்டிவந்தது.

பாரசீகத்தில் ஷா எளிதில் மசியவில்லை. தன் மண்ணில் அந்நியர் கம்பி எதற்கு என்ற அச்சம் அவருக்கு நியாயமானதே. கடைசியில் தெஹ்ரான் வழியாகப் புஷையர் போகும் கம்பி ஷாவுடைய செலவில் ஷாவுடைய சொத்தாக அமையும், மேற்பார்வை ஆங்கிலேயப் பொறியாளர்கள் கையில் இருக்கும் என்று முடிந்தது. பெயரளவில் பார்த்தால் இது துருக்கி ஒப்பந்தத்தைவிடப் பலவீனமானது. நடைமுறையில் இதுதான் உருப்பட்டது. அடுத்தடுத்த ஒப்பந்தங்களில் கருவியும் ஆங்கிலேயர் கைக்கே போனது. ஷாவுக்கும் நஷ்டமில்லை, தன் ஊர்களையெல்லாம் தலைநகரோடு இணைக்கும் கம்பி அவருக்குக் கிடைத்தது.

இதே பாதையில் அனுமதி சரிவரக் கிடைக்காத இடம் எப்படி இருந்தது என்பதற்கு முசந்தம் முனை சாட்சி. கரையில் இருந்த குடிகளை நம்ப முடியாததால், மலைகள் சூழ்ந்த குடாவுக்குள் இருந்த ஒரு பாறைத் தீவில் நிலையம் வைத்தார்கள். கோடையில் காற்று நுழையாது. சில ஆண்டுகள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாமல் காலி செய்துகொண்டு பாரசீகக் கரையில் உள்ள ஜாஸ்குக்குப் போனார்கள். இன்றும் அதன் பெயர் தந்தித் தீவுதான். கராச்சிக்கு மேற்கே நீளும் மக்ரான் கரையிலோ, கம்பியைக் காக்கக் குறுநிலத் தலைவர்களுக்கு மானியம் கொடுத்தார்கள். எந்தத் தலைவர் யாருடைய குடி என்ற கேள்வி அங்கே கிளம்பி, பாரசீகத்துக்கும் பலுசிஸ்தானத்தின் கலாத் அரசுக்கும் எல்லை வகுப்பதில் போய் நின்றது. தந்திக்காகப் பேசப் போன ஆங்கிலேய அதிகாரி கோல்ட்ஸ்மிட்தான் 1870–71இல் அந்த எல்லைப் பணிக்கும் போனார்.

மூன்றாவது, தந்தித் தொழில் நடத்திய ஜெர்மன் குடும்பமான சீமென்ஸ் சகோதரர்கள். பேரம் பேசுவதில் இவர்களுக்குத்தான் நான் முதல் மதிப்பெண் போடுவேன். பெர்லினில் வெர்னர், லண்டனில் வில்லியம், ரஷ்யாவில் கார்ல் என்று கேட்க வேண்டிய இடத்திலெல்லாம் வீட்டு ஆள் ஒருவர் இருந்தார். தெஹ்ரானுக்கு உறவினர் கியார்க் சீமென்ஸை அனுப்பினார்கள். பிற்பாடு ஜெர்மனியின் டாய்ச்ச பேங்க் வங்கியின் முதல் இயக்குநர்களில் ஒருவரானவர். அவர்கள் கேட்டது வெறும் கம்பிக்கு இடமல்ல. லண்டனிலிருந்து தெஹ்ரான் வரை தங்களுக்கென்றே தனிக் கம்பி, அதில் தங்கள் ஏற்பாட்டில் செய்தி போகும் உரிமை. பிரஷ்யா, ரஷ்யா, பாரசீகம் மூன்றுமே 1867–68க்குள் சம்மதித்தன. லண்டனுக்கும் ஜாருக்கும் ஆசியாவில் ஆகாத காலத்தில் இது சாதாரணமல்ல. ஆங்கிலேய அரசு நேரே போய்க் கேட்டிருந்தால் கதவு திறந்திருக்குமா என்பது சந்தேகம். ஜெர்மன் வணிகக் குடும்பம் கேட்டபோது திறந்தது. 1870 ஏப்ரல் 12 அன்று நடந்த சோதனையில் லண்டனிலிருந்து தெஹ்ரானுக்கு ஒரு நிமிடம், கல்கத்தாவுக்கு 28 நிமிடம். தெஹ்ரானுக்குத் தெற்கே செய்தி போனது, முன்பு ஷாவோடு பேசிப் போட்ட அதே கம்பியில்தான்.

இதற்கு நேர் எதிர் மான்செஸ்டர் வணிகர் ஜான் பெண்டர். அனுமதி கேட்பதையே முடிந்தவரை தவிர்ப்பது இவர் வழி. பம்பாய், ஏடன், மால்டா, ஜிப்ரால்டர், கார்ன்வாலில் போர்த்கர்னோ: எல்லாம் யூனியன் ஜாக் பறக்கும் மண். வெளியாரிடம் கேட்க வேண்டியிருந்தது போர்ச்சுக்கலில் கரையேறவும் எகிப்தைக் கடக்கவும்தான். ‘கிரேட் ஈஸ்டர்ன்’ கப்பல் பம்பாயிலிருந்து ஏடன் பக்கம் கேபிளை இறக்கியது. 1870 ஜூனில் பாதை முழுமையானது. செங்கடல் பாடத்துக்குப் பிறகு அரசு உத்தரவாதம் கிடையாது, பெண்டர் எதிர்பார்க்கவும் இல்லை. அடுத்த ஆண்டே அவர் அணிக் கம்பெனி சென்னையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூருக்குக் கேபிள் இழுத்தபோதும் இதே வசதி: இரண்டு கரையும் பிரிட்டிஷ் கரை.

யார் வழி மேல்? அமைதிக் காலத்தில் சீமென்ஸ் பாதையும் பெண்டர் பாதையும் தோளோடு தோள் நின்றன. ஆனால் 1870 கோடையிலேயே நிலநடுக்கம் ஒன்று சீமென்ஸின் கருங்கடல் கேபிளை அறுத்தது; அதை மறுபடி நிலவழியாகப் போட்டார்கள். 1914இல் ஜெர்மனியும் ரஷ்யாவும் மோதியபோது ஒப்பந்தத் தாள்கள் எதற்கும் உதவவில்லை, பாதை நின்றது. போருக்குப் பின் மீண்டு 1931 வரை ஓடியது. பெண்டர் பாதையைக் காத்தது தாள் அல்ல, கடற்படை. அந்தக் கடற்படை இல்லாத எவருக்கும் பெண்டர் வழி திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

துருக்கி வழியில் கூட்டம் குறைந்தது. மிச்சமிருந்த மூவரும், அதாவது பெண்டரின் ஈஸ்டர்ன் கம்பெனி, சீமென்ஸ் கம்பெனி, இந்திய அரசின் தந்தித் துறை, 1878இல் வருமானத்தை ஒரே பையில் போட்டுப் பங்கு பிரித்துக்கொள்ள உடன்பட்டார்கள். பம்பாய் வியாபாரி எந்த வழியில் தந்தி அடித்தாலும் காசு ஒரே இடத்துக்குத்தான் போனது.